சாந்திமானித்தே

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் குளவி கொட்டட்டும். என் க்வாத்ரோ வாத்தியத்தின் நான்கு நரம்பும் ஒரே நாளில் அறுந்து போகட்டும். செயின்ட் ஓடில் ஊரில் என்னை நம்பாதவர்கள் உண்டு. அவர்களிடமும் இதே சத்தியத்தைத்தான் செய்திருக்கிறேன். கிளெமென்ட் பல்தியோ செத்ததையும், செத்த பிறகு ஜெயித்ததையும், அவன் மகள் யூடோரா பார்த்தது பார்த்தபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

யூடோரா ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இரைச்சல் நின்று மனிதக் குரல் வந்தது. மாவட்ட சபைக்குத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்களாம். கட்டிலில் கிடந்த அவள் அப்பா கிளெமென்ட் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"அவன் நிக்கறானா?"

"இருங்கப்பா. இப்பத்தான் பேரு வாசிக்கறாங்க."

நாலாவது பெயராக ஹரிதாத் பல்தியோ என்று வந்தது. கிளெமென்ட் அப்படியே தலையணையில் சாய்ந்தான். பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் முகம் மாதிரி இருந்தது அவன் முகம்.

"அப்பாடா. இனிமே செத்தா தப்பில்ல. யூடோரா, கொஞ்சம் கொக்கோ போடு. ஜாதிக்காய் நிறைய தேய்ச்சுப் போடு."

மூன்று மாதம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நுரையீரல் முழுதாகப் போய்விட்டது, மற்றதில் பாதி. மிச்சமிருந்த பாதியைக் கருமி மாதிரிச் செலவழித்துக் காத்திருந்தான். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவன் ஒளிக்கவில்லை. "தேர்தல் இல்லாத வருஷத்துல செத்தா எங்க அண்ணன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். செத்ததே வீணாயிடும்" என்பான்.

கிளெமென்ட் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். இரக்கமுள்ளவன் என்று அர்த்தம் என்றாராம் பாதிரியார். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் குளவிப் பிரபு. ஊரைக் கிண்டலடித்துக் கலிப்ஸோப் பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு ராஜாப் பெயர் உண்டு. ஆனால் பெயருக்குத் தகுந்த கொடுக்கு இருந்தது இவனுக்கு மட்டும்தான். ஒருமுறை கரும்பு ஆலை மேற்பார்வையாளரைப் பற்றி நாலு வரி பாடினான். அன்று மாலையே அந்த ஆளின் குதிரை வேலையை விட்டு நின்றுவிட்டது. சேணத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அது தலை குனிந்து நடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவன் அம்மா ஃபிலோமீன் ஆப்பிரிக்க வம்சத்துக் கறுப்பி. அப்பா பல்தியோ, இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் பேரன். பல்தியோவுக்கு முதலில் முறைப்படி ஒரு மனைவி, அவளுக்கு ஹரிதாத். அவள் போன பிறகு ஃபிலோமீன், அவளுக்கு கிளெமென்ட். இப்படிப் பிறந்தவர்களை எங்கள் டிரினிடாடில் டக்ளா என்பார்கள். கப்பலில் வந்த பழைய பாஷையில் அதற்கு முறைதவறிப் பிறந்தது என்று அர்த்தம். சொல்கிறவர்கள் அந்த அர்த்தத்தை மறந்துவிட்டோம் என்பார்கள். கேட்கிறவர்களுக்கு மறப்பதில்லை. அம்மா வழிச் சொந்தங்கள் மட்டும் சும்மா விட்டார்களா? கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன் தேவதூதன் வேஷம் கேட்டபோது, முடி ரொம்ப நேராக இருக்கிறது, நீ ஒட்டகத்தின் பின்னங்கால் போடு என்றார்கள். அந்த வருடம் கைதட்டல் வாங்கியது பின்னங்கால்தான்.

பல்தியோ செத்தபோது கிளெமென்டுக்குப் பத்தொன்பது வயது. சிதைக்கு வைக்க ஒரு மாங்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு அண்ணன் வீட்டுப் பந்தலுக்குப் போனான். பண்டிதர் அப்போதுதான், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹரிதாத், "ஒண்ணு. நான் மட்டுந்தான்" என்றார். வாசலில் நின்ற தம்பியை அப்புறம்தான் பார்த்தார். பார்த்துவிட்டும் மாற்றிச் சொல்லவில்லை. நேராக வந்து கட்டையைப் பிடுங்கி, "டக்ளா கை பட்ட கட்டை எரியாது" என்று சொல்லிச் சாக்கடையில் எறிந்தார்.

கிளெமென்ட் சாக்கடையில் இறங்கி அந்தக் கட்டையை எடுத்துக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தான். நாற்பது வருடம் அது அவன் வீட்டு அடுக்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. யூடோரா நடை பழகியதே அதைப் பிடித்துத்தான்.

அந்த வீட்டுக் கதையில் யூடோராவுக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு. ஏழு வயதில் அம்மா அவளை ஹரிதாத்தின் கடைக்கு அனுப்பினாள். கடை நிறையக் கூட்டம். அவள் எம்பி எம்பி, "பெரியப்பா, பெரியப்பா" என்று கூப்பிட்டாள். எல்லோருக்கும் நிறுத்துக் கொடுத்து முடிந்த பிறகு ஹரிதாத் குனிந்து பார்த்தார்.

"இங்க நான் யாருக்கும் பெரியப்பா இல்ல. உப்பா, எண்ணெயா?"

அவள் உப்பு என்றாள். வாங்க வந்தது எண்ணெய்.

மகள் கொண்டுவந்த உப்பைப் பார்த்த அன்றுதான் கிளெமென்ட் அந்த நாலு வரியைக் கட்டினான். செயின்ட் ஓடிலில் இன்றைக்கும் எடையில் சந்தேகம் வந்தால் அதைத்தான் பாடுவோம்:

அம்மா கொடுத்தது ஒருபடி,
அப்பா கொடுத்தது ஒருபடி;
ஆளைப் பார்த்து அரைப்படி என்றாய் —
அதுதானே உன்கடை முழுப்படி!
சாந்திமானித்தே.

கடைசியில் வரும் சொல் கலிப்ஸோவைவிடப் பழையது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. இரக்கம் கிடையாது என்று பொருள். எல்லா ஊரிலும் பாட்டுச் சண்டையில் அதைப் பாடுவார்கள். எங்கள் ஊரில் மட்டும் அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவன் உன்னைப் பார்த்துப் பாடினால், நீ பதில் பாட்டுப் பாடலாம். அல்லது வாயைத் திறந்து 'சாந்திமானித்தே' என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அவன் பாடியது அத்தனையும் உண்மை என்று நீ ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் பேச்சே கிடையாது. எங்கள் ஊரில் கோர்ட்டுக்குப் போனவர்கள் குறைவு.

ஹரிதாத்துக்கு இந்தச் சட்டம் தெரியாது. கலிப்ஸோ தாழ்ந்தவர்கள் பாட்டு என்று வீட்டில் ரேடியோவே வைக்காத மனிதர். காதில் விழுந்தாலும் அந்தச் சொல் அவர் மனதில் ஏறியதே இல்லை. கிளெமென்டின் நாற்பது வருடத் திட்டமும் அந்த ஒரு ஓட்டையை நம்பித்தான் இருந்தது.

கொக்கோ வந்ததும் இரண்டு வாய் குடித்துவிட்டு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மூணு பாட்டு வச்சிருக்கேன். அவன் மாலை போட வருவான். அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு நீ பாடணும்."

"எனக்குப் பாட்டு வராதுப்பா. ஊருக்கே தெரியும்."

"மீன் கூவறல்ல?"

"அது கூவறது."

"அதே மாதிரி கூவு. வஞ்சிரம்னு சொல்ற எடத்துல அவன் பேரைப் போட்டுக்க."

"அங்கிளைப் பாடச் சொல்லுங்களேன்" என்று அவள், மூலையில் க்வாத்ரோவோடு உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினாள்.

"இவன் பாடினா பாதி பொய் சேர்த்துடுவான்" என்றான் கிளெமென்ட். நோயாளி என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் செலஸ்தீன் அம்மா வந்தாள். மணி அடித்து ஜெபம் பண்ணும் சபையின் மூத்தவள். சாகிறவர்களின் வாசனை அவளுக்கு நாலு வீடு தள்ளியே வந்துவிடும். வெள்ளைத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"கிளெமென்ட், போற நேரம். உங்கண்ணனை மன்னிச்சிடு."

"மன்னிச்சுட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா. ஆனா பாட்டு பாட்டுதான்."

"அது மன்னிப்பு இல்லடா."

"அது ஒங்க டிபார்ட்மென்ட். நீங்க பாத்து ஏதாவது செஞ்சுக்குங்க."

பிறகு மகள் காதில் மூன்று பாட்டையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த மறுப்பு போய் வேறொன்று வந்தது. சுறாவின் வயிற்றைக் கிழிப்பதற்குமுன் கத்தியைக் கல்லில் தீட்டும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இன்னொண்ணு" என்றான். "என்னைப் புதைக்கக் கூடாது. எரிக்கணும். அன்னைக்கு என்னைக் கிட்ட விடாத தீ, இன்னைக்கு என்னை முழுசாத் தொடட்டும். அந்தக் கட்டையையும் வைக்கணும். அவன் கையால."

மிச்சக் கொக்கோவைக் குடித்தான். ஜாதிக்காய் போதாது என்றான். அதுதான் கடைசிப் பேச்சு.

வலது கண் ஒழுங்காக மூடிக்கொண்டது. இடது கண் மூடவில்லை. செலஸ்தீன் அம்மா இரண்டு தரம் இமையை இழுத்துவிட்டாள். இரண்டு தரமும் அது கதவு திறப்பது மாதிரி மெல்லத் திறந்துகொண்டது. மூன்றாவது தரம் அவளையே ஒரு பார்வை பார்த்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"காத்துட்டிருக்கான்" என்றாள்.

யூடோரா அழவில்லை. அடுக்களைக்குப் போய் அந்தக் கட்டையை எடுத்துத் துடைத்தாள். முட்டு போனதும் கதவு காற்றில் ஒருமுறை படாரென்று அடித்தது.

மறுநாள் வாசலில் ஈரப்பலா மரத்தடியில் கான்வாஸ் கட்டிப் பெட்டியை வைத்தோம். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இடது கண் தெருக் கேட்டையே பார்த்தது. வந்தவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் ரம்மும் போய்க்கொண்டிருந்தன. வெயில் ஏறும் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருமுனைவரை ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்து, சாவு வீடு என்று தெரிந்ததும் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டது. ஹரிதாத் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பின்னால் மனைவி பூல்மதி. அவளுக்குப் பின்னால் மாலையோடும் கேமராவோடும் ஒரு ஆள்.

பின்வரிசையில் யாரோ, "கடைக்காரரே, இன்னைக்கு எடை சரியா இருக்கா?" என்றார்கள். ஹரிதாத் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். தேர்தல் வந்துவிட்டால் அவருக்கு எல்லாமே வரவேற்பாகத்தான் கேட்கும்.

யூடோரா கேட்டுக்கு வந்தாள்.

"வாங்க பெரியப்பா."

அந்தச் சொல்லில் அவர் கால் ஒரு நொடி தடுக்கியது. கேமராக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். இருநூறு ஓட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம். ஆமாம்மா. என்ன செய்யறது, விதி." கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கிளெமென்ட் எனக்கு... எனக்கு மட்டுமில்ல, இந்த ஊருக்கே சொந்தம்."

"சாமர்த்தியமாத் தாண்டிட்டாரு" என்றாள் செலஸ்தீன் அம்மா, ஜெபம் சொல்லும் குரலில்.

பூல்மதி முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் மாலையப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

மாலையைப் போட்டு நிமிர்ந்தபோது ஹரிதாத் இடது கண்ணைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. அவர் ஒரு அடி பின்வாங்கினார். பின்னால் யூடோரா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க வழக்கப்படி ஒரு பாட்டு உண்டு, பெரியப்பா. நீங்க இருந்து கேக்கணும். மூத்தவரு நீங்கதானே."

"கேக்கறேம்மா, கேக்கறேன். தாராளமா." கேமராவுக்குத் தோதாகப் பெட்டியின் தலைமாட்டில் கைகூப்பி நின்றுகொண்டார்.

நான் க்வாத்ரோவில் கை வைத்தேன். ஊரே வாயை மூடிக்கொண்டது. எங்கள் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவரைத் தவிர வேறு யாரும் முணுமுணுக்கக்கூடக் கூடாது. அதிகாலையில் படகு கரை சேரும்போது துறைமுகம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில் யூடோரா எடுத்தாள். ராகம் மீன்காரி ராகம்தான். ஆனால் அதில் அன்று ஐஸ்பெட்டிக் குளிர் இருந்தது.

ஒரே தகப்பன் விதைத்த விதை,
ஒரே மண்ணில் முளைத்த கதை;
ஒன்றைக் கரும்பென்று கட்டி வைத்தார்,
ஒன்றைக் களையென்று வெட்டி வைத்தார்.
சாந்திமானித்தே...

பாடிவிட்டு நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

இங்கே ஹரிதாத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோயில் கமிட்டித் தலைவர். ஐம்பது வருடம் பூஜைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கற்றது ஒன்றுதான். நடுவில் சொல்வது எதையும் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் வருவதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட வேண்டும். பண்டிதர் "சாந்தி, சாந்தி" என்று முடிக்கும்போது அவர் குரல்தான் கோயிலிலேயே பெரிதாக இருக்கும். இப்போதும் அவர் பாட்டைக் கேட்கவில்லை. எந்தெந்த முகம் எந்தக் கட்சி என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அமைதி. எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். கடைசியாகக் காதில் விழுந்தது சாந்தி.

"சாந்திமானித்தே" என்றார் ஹரிதாத், கண்ணை மூடி, கணீரென்று.

வாசலில் இருந்த கோழிகள் மேய்வதை நிறுத்தின. யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு சுலபத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு எங்கள் ஊர் பார்த்ததில்லை. யூடோரா உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தாள்.

தீயைத் தொடாதே என்றான் ஒருவன்,
தீண்டினால் அணையும் என்றான் ஒருவன்;
தீயே, நீ சொல், உனக்கேது சாதி?
தின்றபின் சாம்பலில் யார் எந்தப் பாதி?
சாந்திமானித்தே...

பூல்மதி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அதை, இன்னும் உரக்கச் சொல்லுங்கள் என்று புரிந்துகொண்டார்.

"சாந்திமானித்தே!"

ஈரப்பலா மரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. தரையில் விழும்வரை அதுகூடச் சத்தம் போடவில்லை. பெட்டிக்குள் இடது இமை பாதி இறங்கியிருந்ததை யூடோரா பார்த்தாள். மூன்றாவது பாட்டைக் கிளெமென்ட் ஹரிதாத்துக்காகவே, அவரே சொல்வது மாதிரி கட்டியிருந்தான். அவள் ஒரு அடி முன்னால் வந்து, உப்பா எண்ணெயா என்று கேட்கிற மாதிரி குனிந்து, அவர் முகத்துக்கு நேராகப் பாடினாள்.

பல்தியோ பெற்றது ஒருவன் என்று
பந்தலில் அன்றைக்குப் பொய் சொன்னேன்;
பெட்டியில் படுத்தவன் என்தம்பி என்று
பிழைதிருத்தி இன்று மெய் சொன்னேன்.
சாந்திமானித்தே...

தம்பி என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் ஐம்பது வருடப் பழக்கம் வாயில் இருந்தது. மனிதருடைய புத்தி கேட்டுக்கு வெளியே ஓடியது. வாய் உள்ளேயே நின்று, "சாந்திமானித்தே" என்று சொல்லி முடித்தது. கேமரா அந்த நொடியில்தான் வெளிச்சம் அடித்தது.

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"ஒப்புக்கிட்டாரு" என்றாள் செலஸ்தீன் அம்மா. மணியை ஒரே ஒரு தரம் அடித்தாள்.

"என்ன ஒப்புக்கிட்டேன்?" ஹரிதாத் சுற்றிலும் பார்த்தார். "சாந்தின்னுதானே சொன்னேன்? செத்தவனுக்குச் சாந்தி சொல்றது தப்பா?"

"சாந்தி இல்ல பெரியப்பா" என்றாள் யூடோரா. "சாந்திமானித்தே. இரக்கம் கிடையாதுன்னு அர்த்தம். இங்க அதைச் சொன்னா, பாடினது அத்தனையும் நெசம்னு அர்த்தம். மூணு தரம் சொல்லிட்டீங்க. ரெண்டாவது தரம் நல்லாவே சொன்னீங்க."

"இது மோசடி."

"ஆமா" என்றாள் அவள். "ஒங்க தம்பி செஞ்சது. கேளுங்க அவரை."

அவர் பெட்டிக்குள் பார்த்தார். இடது கண் மூடியிருந்தது. தூங்குகிறவன் கண் மாதிரி இல்லை. அடக்க முடியாத சிரிப்பை அடக்குகிறவன் கண் மாதிரி இறுக்கி மூடியிருந்தது.

அவர் கேட்டை நோக்கித் திரும்பினார். வழியை மறித்து நின்றது ஊர்க்காரர்கள் இல்லை. பூல்மதி.

"எங்க போறீங்க? அண்ணங்காரன் கட்டை வைக்காம எப்படிப் பொணம் போகும்?"

"உனக்கென்னடி தெரியும்?"

"நீங்க சாக்கடையில எறிஞ்சீங்களே, அன்னைக்கு நான் ஒங்க வீட்டுக்கு வாழ வந்து பத்து நாள். கைல மருதாணி. பந்தல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பையன் சாக்கடைல எறங்கி அதை எடுத்தான். இன்னும் கண்ணுலயே இருக்கு. நடங்க."

யூடோரா மாங்கட்டையைக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்தாள். நாற்பது வருடம் அடுக்களைப் புகை குடித்துக் கறுத்து, கதவு உரசி ஒரு பக்கம் வழவழப்பாகிப் போன கட்டை. வெள்ளைச் சட்டையில் முதல் கறை அப்போது விழுந்தது. ஆற்றங்கரைக்கு அரை மைல்தான். ஆனால் கட்டை நடக்க நடக்கக் கனத்தது. கோயில் வாசலைத் தாண்டும்போது ஒரு ஆள் எடை. அவருடைய கடை வாசலைத் தாண்டும்போது ஒரு காளைமாட்டு எடை. தராசு வைத்திருந்த வீடுகளில் முள் தானாகவே சாய்ந்தது. ஒலிபெருக்கிக் கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. டிரைவர் பழக்கதோஷத்தில், "உங்கள் வீட்டுப் பிள்ளை ஹரிதாத் பல்தியோ" என்று அறிவித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வழியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்று அது சரியாகத்தான் இருந்தது.

கரையில் சிதை தயாராக இருந்தது. ஹரிதாத் கட்டையை வைத்தார். பந்தத்தை அவர் கையில் கொடுத்தார்கள். வைத்தார், பிடிக்கவில்லை. கற்பூரம் போட்டார்கள், நெய் ஊற்றினார்கள், மண்ணெண்ணெய் கூட ஊற்றினார்கள். பந்தம் எரிந்துகொண்டே இருந்தது. சிதை மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மலையேறும் பஸ் மாதிரி ஹரிதாத்துக்கு மூச்சு வாங்கியது. கையை நெருப்புச் சுட்டது. அன்றைக்கு அவர் சொன்ன வாக்கியம் கரையில் நின்ற எல்லோருக்கும் மனப்பாடம். யார் கை பட்டால் எரியாது என்பது மட்டும்தான் இப்போது மாறியிருந்தது.

யூடோரா போய் அவர் கையிலிருந்து பந்தத்தை வாங்கினாள். மெதுவாகத்தான் வாங்கினாள்.

"நகருங்க பெரியப்பா. இது டக்ளா கைக்குத்தான் புடிக்கும்."

அவள் பந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். தொடக்கூட இல்லை. மாங்கட்டைதான் முதலில் பற்றியது. நாற்பது வருடப் புகையையும் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தது. நெருப்பு மேற்கே கரும்புக் காட்டுக்கு மேல் உயர்ந்து நின்றதை ஆலையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டுச் சங்கு ஊதினார்கள். வெளிச்சத்தில் ஹரிதாத்தின் முகத்தை யூடோரா பார்த்தாள். புகையினாலோ என்னவோ, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கத் துணி கொடுக்கவில்லை. கட்டை கரியாகி, கரி சாம்பலாகி, சாம்பலை ஆறு கொண்டுபோகும்வரை அவரை அங்கேயே நிற்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகச் சொன்னாள். தேர்தலில் அவர் வாங்கிய ஓட்டைப் பற்றிப் பேசினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் சத்தியம் செய்தவன் பாதியில் நிறுத்தக் கூடாது. நேற்று யூடோரா வீட்டுக்குப் போயிருந்தேன். கொக்கோ போட்டுக் கொடுத்தாள். ஜாதிக்காய் நிறையவே தேய்த்திருந்தாள். வெளியே மழைக்கு முந்தின காற்று ஜன்னல்களையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. அடுக்களைக் கதவு மட்டும் அசையவில்லை. மாங்கட்டை அதற்கு முட்டுக் கொடுத்து நின்றது.